மொட்டை மாடியில் எலும்பு காயப்போட்டவர்



பக்கத்து வீட்டுக்காரர் கசாப்புக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி வந்து மொட்டை மாடியில் காயப்போட்டால் சும்மா இருப்பீர்களா? அன்றைக்கே சங்கத்துக்குப் புகார் வந்துவிடும். கல்கத்தாவில் ஒரு கல்லூரி ஆசிரியர் உண்மையிலேயே இதைச் செய்தார். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். அந்த எலும்பிலிருந்து அவர் எடுக்க முயன்றது, மருந்துக்குத் தேவையான சோடியம் பாஸ்பேட் உப்பு. அவர்தான் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய்.

1861 ஆகஸ்ட் 2ஆம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ராருலி கிராமத்தில் பிறந்தார். உதவித்தொகை பெற்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். 1887இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். அவ்வளவு படித்தும், உயர் கல்விப் பணி வெள்ளையருக்கே என்றிருந்த காலம் அது. 1889இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்க்குத் தற்காலிக வேலைதான் கிடைத்தது.

நம் நாட்டுச் சரக்கு மலிவாகக் கப்பலேறி, மருந்துப் புட்டிகளாக அதிக விலைக்குத் திரும்பி வருவதை அவர் பார்த்தார். பட்டம் வாங்கிய இளைஞர்களோ குமாஸ்தா வேலைக்கு வரிசையில் நின்றார்கள். 1892இல், அப்பர் சர்க்குலர் சாலை 91ஆம் எண் வாடகை வீட்டில், தன் சேமிப்பிலிருந்து ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான முதல் போட்டு பெங்கால் கெமிக்கல் தொழிலைத் தொடங்கினார். பகலில் பாடம், மற்ற நேரத்தில் மருந்துத் தயாரிப்பு.

அமுல்ய சரண் போஸ் என்ற டாக்டர் நண்பர் கைகொடுத்தார். ஆடாதோடை, ஓமம் போன்ற நம் சரக்குகளும் மருந்துப் புட்டிகளில் ஏறின. 1898இல் பிளேக் நோய் அந்த நண்பரைக் கொண்டுபோனது. ராய் கடையை மூடவில்லை. 1901இல் அது லிமிடெட் கம்பெனி ஆனது.

வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இங்கே உண்மையான முதல் எது? அந்தச் சில நூறு ரூபாயா? இல்லை. எலும்பு எல்லோருக்கும் கண்ணில் பட்ட கழிவுதான். அதற்குள் என்ன இருக்கிறது, எப்படிப் பிரித்தெடுப்பது என்ற அறிவே முதல். ஐந்தொகையில் அதற்கு ஒரு வரி கிடையாது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 60 வயதானபின் தன் சம்பளம் முழுவதையும் கல்கத்தா பல்கலைக்கழக வேதியியல் துறைக்கே விட்டுக்கொடுத்தார். மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ் ஆகியோர் அவரிடம் படித்தவர்கள். அறிவியல் கல்லூரியிலேயே ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்து, 1944 ஜூன் 16ஆம் தேதி காலமானார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்று மத்திய அரசு நிறுவனமாக நடக்கிறது.

குமாஸ்தா வேலையே கதி என்று கிடக்காதீர்கள் என்று அவர் இளைஞர்களைக் கண்டித்துக்கொண்டே இருந்தார். வங்கியில் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்ற எனக்கு அது சுருக்கென்று தைக்கிறது. அந்த வேலைதான் என் குடும்பத்துக்குச் சோறு போட்டது; குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாமும் நம் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு வரும் என்பதைத்தானே?

நம் குடியிருப்பில் ஒரு பிள்ளை ஏதோ செய்து பார்க்கிறேன் என்று மாடியை அசுத்தம் செய்தால், செயலாளருக்குப் போன் போடுமுன் ஒரு நிமிடம் மேலே ஏறிப் போய், அது என்ன என்று கேளுங்கள். பெருக்கித் துடைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.