பனிமலைக்குக் குடிபோன அளவைக்காரர்

வேலூரில் பிறந்து வளர்ந்த நமக்கு வெயிலைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் கோட்டைச் சுவரைத் தொட்டால் கை சுடும். இரவிலும் மொட்டை மாடித் தளம் ஆறாமல், ஒரு குடம் நீர் தெளித்த பிறகே பாயை விரிப்போம். இப்படிப்பட்ட ஊரிலிருந்து என் அண்ணன் சென்ற ஆண்டு மசூரிக்குக் குடிபோனார். மத்திய அரசு எழுத்தர் தேர்வில் வென்றவருக்குக் கிடைத்த முதல் பணியிடம் அது. இமயத்தின் முன்வரிசை மலையில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் வெண்பனி விழுகின்ற சிற்றூர். அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அரையாண்டு விடுமுறையில், புழுங்கலரிசி மூட்டையும் மாவடு ஜாடியுமாக என்னை அண்ணனுக்குத் துணையாக அனுப்பி வைத்தார்கள்.

காட்பாடியில் ரயிலேறி, தில்லியில் மாறி, டேராடூனில் இறங்கி, வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில் மசூரி போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் நாளே அண்ணனுக்கு உதடு வெடித்துவிட்டது. குழாயில் நீர் உறைந்து நின்றது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு மேற்கே ஆறு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பழைய வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் நடந்தோம். புவியியல் படிக்கும் எனக்கு அந்த வீட்டுக்காரரின் பெயர் புதிதன்று. உலகில் அதனைக் கேளாதார் யார்? அவர்தாம் ஜார்ஜ் எவரெஸ்ட்.

எவரெஸ்ட் என்றதும் நாம் சிகரத்தை நினைக்கிறோமே தவிர, மனிதரை நினைப்பதில்லை. ஊர் திரும்பியபின் நம் நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடி அம்மனிதரின் வாழ்வைப் படித்தேன். அதனையே இங்கே எழுதுகிறேன்.

1790-இல் பிறந்த அவர், 1806-இல், பதினாறு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படை வீரராக வங்காளம் வந்தார். ஜாவாத் தீவில் நில அளவை செய்து பெயரெடுத்தார். அந்நாளில் நம் மண்ணில் ஓர் அரும்பணி நடந்துகொண்டிருந்தது. வில்லியம் லாம்டன் என்பவர் 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதனை அடியாகக் கொண்டு முக்கோணங்களைத் தொடுத்தபடி நாடு முழுவதையும் அளக்கத் தொடங்கியிருந்தார். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் நடந்து அளக்காமலே கணக்கிட்டுவிடலாம் என்பது நாம் பள்ளியிலேயே படித்ததுதானே! அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு ஒரு துணைக்கண்டத்தையே அளக்கலாம் என்று துணிந்த நெஞ்சத்தை என்னென்பது! அவர் கோணம் அளந்த தியோடலைட்டு என்னும் கருவி அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதனை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சிதைந்துபோனதும், லாம்டன் வாரக்கணக்காகத் தனித்திருந்து அதனைச் சீராக்கியதும் தனிக் கதை.

1818-இல் எவரெஸ்ட் அந்த லாம்டனுக்குத் துணைவராக ஐதராபாத் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே, மழைக்காலத்தில், கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காட்டுக்கு அனுப்பப்பட்டார். மழை பெய்தால் காற்றில் தூசி அடங்கி, தொலைவிலுள்ள மலைமுகடு தெளிவாகத் தெரியும். ஆகவே மழைக்காலமே அளப்பதற்கு ஏற்றது என்பது அக்கால வழக்கம். ஆனால் மழை தெளிவைத் தந்த கையோடு கொசுவையும் தந்தது. எவரெஸ்டும், உடனிருந்த ஏறத்தாழ 150 பேரும் காய்ச்சலில் வீழ்ந்தனர். சிலர் மாண்டே போயினர். 1820-இல் உடல் தேற அவரைத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள்.

நல்ல உடல்நலம் என்பது அதன்பின் அவருக்கு வாய்க்கவே இல்லை. 1823-இல் லாம்டன் இறந்ததும் அளவைப்பணி முழுதும் அவர் தோளில் விழுந்தது. கைகால் விளங்காத நிலையில், ஆட்கள் தூக்கிக் கருவியின் முன் அமர்த்த, திருகைத் திருப்பும் கையையும் பிறர் தாங்கிப் பிடிக்க, அவர் கோணம் அளந்தார் என்று படித்தபோது என் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1825-இல் இங்கிலாந்து சென்று ஐந்தாண்டுகள் தங்கி, புதிய கருவிகளைச் செய்வித்துக்கொண்டு, 1830-இல் நாட்டின் தலைமை நில அளவையாளராகவும் கல்கத்தாவுக்குத் திரும்பினார்.

வெயில் உடலை மட்டுமா வாட்டுகிறது? உலோகத்தையும் நீட்டுகிறது. லாம்டனின் சங்கிலி வெயிலேற ஏற நீண்டுகொண்டே போகும். அவர் கூடார நிழலில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துத் திருத்தம் போட்டார். எவரெஸ்ட் கொண்டுவந்த கோல்பி கோல்களோ வேறு வகை. இரும்புக்கோலும் பித்தளைக்கோலும் இணைந்தவை அவை. இரண்டும் வெவ்வேறு அளவில் நீளுவதையே பயன்படுத்தி, குறித்த இரு புள்ளிகளுக்கிடையே உள்ள தொலைவு மட்டும் எந்த வெயிலிலும் மாறாதபடி அமைத்திருந்தார்கள். அக்கோல்களைக் கொண்டு 1831-32-இல் கல்கத்தாவிலேயே ஓர் அடிக்கோட்டை அளந்தார். இரும்பும் பித்தளையும் வெயிலைச் சமாளித்துக்கொண்டன. மனிதருக்கு அந்த ஏற்பாடு இல்லையே!

மசூரி அப்போது தோன்றிப் பத்தாண்டுகூட நிறையாத சிற்றூர். அதன் ஓரத்தில் பார்க் என்ற பெயருடைய வீட்டையும் நிலத்தையும் 1832-33 வாக்கில் அவர் வாங்கினார். நேரில் பார்க்காமலேயே வாங்கினார் என்று சொல்வார்கள். அங்கே கருவிப் பட்டறை அமைத்து, அந்த மலைமீதிருந்தே நாட்டின் அளவைப்பணியை நடத்துவது அவர் திட்டம். நோயாளி ஒருவர் குளுமை தேடிப் போனார் என்று இதை எளிதாக முடித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். தேசப்படத்தை விரித்துப் பார்த்தபின்தான் விளங்கிற்று. குமரிமுனையிலிருந்து 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே ஏறிவரும் அவருடைய முக்கோணத் தொடர் சென்று முட்டுகின்ற இடம் மசூரிதான். வீட்டுக்கு அருகிலுள்ள பனோக் என்ற குன்று தொடரின் வடமுனை நிலையமாயிற்று. வேலை முடியும் இடத்திலேயே வீட்டை அமைத்துக்கொண்டார் அவர்.

ஆயின், அரசு உடன்படவில்லை. மலைமேல் தலைமையகம் கூடாது என்று ஆணை வந்தது. எவரெஸ்ட் வளைந்து கொடுக்கிற மனிதர் அல்லர், முன்கோபம் மிக்கவர், மேலிடத்துக்கு எழுதும் கடிதத்திலும் சூடு பறக்கும். ஆனாலும் இம்முறை இறங்கி வந்தார். அடிவாரத்து டேராடூனில் அலுவலகம், மேலே மசூரியில் வீடு என்றாயிற்று. இந்திய நில அளவைத் துறையின் தலைமையகம் இன்றைக்கும் டேராடூனில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அது கல்கத்தாவை விட்டு அவ்வளவு தூரம் போனதன் வேர் இந்த வீட்டில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்காலத்து அளவை எத்தனை உயிரைக் குடிக்கும் என்பதை 1819-இலேயே கண்டவர் அவர். எனவே குளிர்காலத்தில், இரவில், விளக்கொளியை நோக்கி அளக்கும் முறையைக் கையாண்டார். இரவுக் காற்றில் ஒளிக்கதிர் சற்றே வளைவதால், பகலில் தென்படாத தொலைவிலுள்ள விளக்கும் கண்ணுக்குத் தெரியும். கங்கை யமுனைச் சமவெளியில் ஏறி நிற்க மலை இல்லை. புகையும் தூசியுமாக இருக்கும். அங்கே கல்லாலும் செங்கல்லாலும் உயர்ந்த கோபுரங்களைக் கட்டி, உச்சியில் கருவியை வைத்து, இரவு முழுதும் விளக்குகளை நோக்கினார்கள். இதனால் விளைந்த வேடிக்கையைப் பாருங்கள்! பனி விழும் மாதங்களே அவருக்குக் களப்பணி மாதங்கள் ஆயின. பனிமலையில் வீடு வாங்கியவர், பனி விழும்போது பெரும்பாலும் கீழே கூடாரத்தில் இருந்தார். கோடையிலும் மழையிலும் மேலே வந்து கணக்குப் போட்டார்.

1834-35 குளிர்காலத்தில் டேராடூன் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளந்தார்கள். 1841-இல் குமரியிலிருந்து பனோக் வரை, சுமார் 2,400 கிலோமீட்டர் வில் நிறைவுற்றது. பூமிப்பந்தின் வடிவத்தைக் கணக்கிட உலகெங்கும் அறிஞர்கள் பயன்படுத்திய அளவு இது. இதற்கிடையே அவர் மீண்டும் நோயுற்றபோது, அவர் இடத்துக்கு வேறொருவரை முன்கூட்டியே நியமித்து வைத்தார்கள். வெகுண்டெழுந்த எவரெஸ்ட் கடிதம் கடிதமாக எழுதி, 1839-இல் அவற்றை நூலாகவே அச்சிட்டுவிட்டார். கடைசி வரை தம் பணியைத் தாமே முடித்தார்.

அவரோடு குடிபெயர்ந்தவர்களையும் எண்ணிப் பார்க்கிறேன். கல்கத்தாவின் இந்துக் கல்லூரியில் கணிதம் பயின்ற ராதாநாத் சிக்தார், 1831-இல், பத்தொன்பது வயதிலும் நிறையாமல், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கராகச் சேர்ந்தார். வடக்கே சென்ற அவருடைய ஆற்றலைக் கண்ட எவரெஸ்ட், அவர் வேறு வேலைக்குப் போக விடவில்லை. 1843-இல் டேராடூனில் நீதிபதி ஒருவருடைய சாமான்களை அளவைத் துறைக் கூலியாட்களைக் கொண்டு சுமக்கவைத்ததை ராதாநாத் எதிர்த்து நின்றார். அதற்கு 200 ரூபாய் அபராதம் கட்டினார். கல்கத்தாக்காரருக்கு அந்த மலையடிவாரம் வெறும் வேலையிடமாக இருந்திருந்தால், அக்கூலியாட்களுக்காக அவர் வாய் திறந்திருப்பாரா?

மற்றொருவர் நம்மவர். வேலூரிலிருந்து பாலாற்றங்கரையோடு போனால் ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிடுகிற ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன். சென்னையில் தொழில் செய்த அவருடைய கைத்திறனைக் கண்டு, அளவைத் துறைக் கருவிகளைப் பேண அழைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயக் கருவி வல்லுநரோடு எவரெஸ்ட் மனம் முறிந்து அவர் விலகியபின், நுண்ணிய கருவிகள் யாவும் இந்த ஆற்காட்டார் கைக்கு வந்தன. அப்பதவியை இந்தியர் ஒருவருக்கு அளிக்க முதலில் தயங்கிய கம்பெனி, எவரெஸ்ட் விடாது வற்புறுத்திய பின்னரே இணங்கிற்று. பிறரை எளிதில் பாராட்டாத எவரெஸ்ட், இவரைப் பாராட்டி எழுதினார். நம் மாவட்டத்துப் பாடநூல் எதிலும் நான் இவர் பெயரைக் கண்டதில்லை. ஆற்காடு என்றால் நவாபையும் கிளைவையும் படித்து மதிப்பெண் வாங்கிவிடுகிறோம்.

1843 இறுதியில் எவரெஸ்ட் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ வாவின் காலத்தில், பதினைந்தாம் எண்ணிட்ட சிகரமே உலகில் உயர்ந்தது என்பது கணக்கில் தெரிந்தது. அக்கணக்கில் ராதாநாத்தின் பங்கு பெரிது. 1856-இல் அதற்குத் தம் முன்னோரின் பெயரைச் சூட்ட வா முன்மொழிந்தபோது, தம் பெயர் இந்நாட்டு மக்கள் நாவில் நுழையாது என்று எவரெஸ்டே தடை சொன்னார். ஆயினும் 1865-இல் அரச புவியியல் கழகம் அப்பெயரை ஏற்றது. அவர் குடும்பத்தார் தம் பெயரை ஈவ்ரெஸ்ட் என்றே ஒலித்தார்களாம்! ஆக, அவர் கண்ணால் காணாத சிகரத்துக்கு, அவரே வேண்டாமென்ற பெயர், அவர் சொல்லாத ஒலிப்பில் நிலைத்துவிட்டது. 1866 டிசம்பர் முதல் நாள் அவர் காலமானார்.

அந்த வீடு நெடுங்காலம் கூரை இடிந்து, ஆடுமாடு புகுந்து கிடந்ததாம். சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் செப்பனிட்டிருக்கிறார்கள். நாங்கள் போனபோது வெள்ளைச் சுவரின்மேல் வெயில் அடித்தது. வேலூரில் அதனை வெயில் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வடக்கே பந்தர்பூஞ்ச் முதலிய பனிமுடிகள் வரிசையாய் நின்றன. தெற்கே டேராடூன் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் மங்கலாகச் சமவெளி. அதே திசையில், ஏறக்குறைய நேர் தெற்காக, நம் ஊர் இருக்கிறது என்று அண்ணனிடம் காட்டினேன். ஆற்காட்டாரைப் பற்றி நான் படித்தது பின்னால்தான். எனவே அன்று அதனைச் சொல்ல இயலவில்லை. அப்புறம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, மோசின் உசேன் மாவடு கொண்டுபோயிருப்பாரா என்று கேட்டார்.

வேலையை விடுவதைப் பற்றி அண்ணன் இப்போது பேசுவதில்லை. விட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கம்பளிப் போர்வை இன்னொன்று அனுப்பச் சொல்லியிருக்கிறார். அம்மா பழைய காட்பாடி சாலையில் வாங்கி வைத்திருக்கிறார்கள்.