பனைக்குக் கணக்குப் பார்த்த குமரப்பா

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்சில் ஏறினால் டி.கல்லுப்பட்டியைக் கடந்துதான் போவீர்கள். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி.குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். காந்தியப் பொருளாதார அறிஞர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வரப்பில் பனை வைத்திருப்பவர்கள் அவரை இன்னொரு காரணத்துக்காகவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1892 ஜனவரி 4ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் ஆடிட்டர் படிப்பு, பம்பாயில் தொழில், பிறகு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலையில் பொருளாதாரம். கோட்டு சூட்டுடன் இருந்தவர், 1929ல் காந்தியைச் சந்தித்தபின் கதருக்கு மாறினார். 1934ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது செயலாளரானார். செக்கு எண்ணெய், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் ஆகியவற்றோடு பனைவெல்லத்தையும் சங்கம் கையில் எடுத்தது.

ஆடிட்டர் அல்லவா, பனைக்கும் வரவு செலவு பார்த்தார். கரும்புக்கு நல்ல நிலம் வேண்டும், தண்ணீர் நிறைய வேண்டும். அந்த நிலத்தில் தானியம் விளையும். பனைக்கோ தரிசும் கண்மாய்க்கரையும் போதும், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். இனிப்பைப் பனையிலிருந்து எடுத்தால் கரும்பு நிலம் சோற்றுக்கு மிஞ்சும் என்பது அவர் போட்ட கணக்கு. திருமங்கலம், பேரையூர் பக்கத்து மானாவாரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1937ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்து, கள் இறக்கியவர்கள் பிழைப்பை இழந்தனர். பாளை சீவும் அதே கைத்தொழிலை வைத்தே அவர்கள் பிழைக்க வழி இருந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஆண் மரம் ஏற, வீட்டுப் பெண்கள் காய்ச்ச, குடும்பத்துக்கே வேலை.

1960 ஜனவரி 30ல், காந்தி மறைந்த அதே தேதியில் குமரப்பா காலமானார். பனை 1978ல் மாநில மரமானது. ஆனாலும் காளவாசலுக்கு விறகாகப் போவது நிற்கவில்லை. 2021 வேளாண் பட்ஜெட்டில்தான், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்ற அறிவிப்பு வந்தது. அனுமதி ஒருபுறம் இருக்கட்டும்; ஏறுவதற்கு ஆள் கிடைக்காததும், சீனி கலந்த கருப்பட்டி குறைந்த விலைக்கு வருவதும்தான் இன்று பனைக்காரரின் தலைவலி. நல்ல கருப்பட்டிக்கு நகரத்தில் ஆள் காத்திருக்கிறது. நாலு பனைக்காரர்கள் சேர்ந்து ஒரே ஏறுபவரை வைத்து, ஒரே அடுப்பில் காய்ச்சி, கலப்படம் இல்லை என்ற பெயரை வாங்கினால் விலையை நீங்களே சொல்லலாம்.

காய்க்காத ஆண் பனை வீண் என்று விற்றுவிடாதீர்கள், அதன் பாளையிலும் பதநீர் வரும். ஆவணியில் விழும் பழங்களின் கொட்டையைப் பொறுக்கி, மழைக்கு முன் வரப்பில் 10 அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். பாளை விட எப்படியும் 12 ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை அதற்கென்று தனிச் செலவு எதுவும் இல்லை.