வைத்தியர் தொடங்கிய வங்கி: டாக்டர் பட்டாபி சீதாராமையா



விழா மலரில் காங்கிரஸ் தலைவர் ஒருவருக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். வீடு மந்திரிக்கப் போகும்போது நம் மக்கள் சொல்லும் கஷ்டங்களில் பாதி வட்டிக் கணக்குதான். தினவட்டி, மீட்டர் வட்டி, அடகு மீளாத தாலிக்கொடி. அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்க 2003இல் அரசு சட்டமே செய்தது. சட்டம் மிரட்டலைத் தடுக்கலாம், ஆனால் அவசரத்துக்குப் பணம் தராது. அந்தப் பணத்துக்கு நேர்மையான வழி ஒன்றைத் தம் ஊரில் உண்டாக்கியவர் என்பதால்தான் இவர் இங்கே வருகிறார்.

கோதாவரிக்கும் கிருஷ்ணாவுக்கும் இடைப்பட்ட குண்டுகொலனு என்ற சிற்றூரில் 1880 நவம்பர் 24ஆம் நாள், வசதியற்ற குடும்பத்தில் பிறந்தார் பட்டாபி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. படித்து, பின் எம்.பி.சி.எம். என்னும் மருத்துவப் பட்டமும் பெற்று, மசூலிப்பட்டினத்தில் வைத்தியத் தொழில் தொடங்கினார். கடலோரத்துச் சின்னப் பட்டணம் அது. தொழில் நன்றாகவே நடந்தது. அப்படியிருந்தும் அதை விட்டுவிட்டுப் பொது வாழ்வில் இறங்கினார்.

அணைகள் வந்தபின் அந்த டெல்டாவில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நடவுக்கும் அறுவடைக்கும் கையில் காசு வேண்டுமே! சென்னையின் பெரிய பாங்குகளின் கண்ணுக்குச் சம்சாரிகள் படவில்லை. லேவாதேவிக்காரர்தான் கதி. ஊரார் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் கொடுக்கும் கூட்டுறவு முறை அப்போது நாட்டில் புதிது. ராஞ்சிப் பகுதியில் இயேசு சபைக் குரு ஹாஃப்மன் அடிகளார் 1909இல் ஆதிவாசி மக்களுக்காகத் தொடங்கிய கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். பட்டாபியும் அவ்வழியில் முனைந்து, 1915இல் கிருஷ்ணா மாவட்டக் கூட்டுறவு மத்திய வங்கி உருவாக உழைத்தார்.

அடுத்ததுதான் பெரிய காரியம். 1923 நவம்பர் 20இல் ஆந்திரா வங்கி பதிவாகி, 28ஆம் நாள் மசூலிப்பட்டினத்தில் கதவு திறந்தது. அனுமதிக்கப்பட்ட மூலதனம் 10 லட்சம் ரூபாய், கையில் சேர்ந்தது 1 லட்சம். இன்றைக்கு இத்தொகை அற்பமாகத் தோன்றும். ஆனால் அது எத்தகைய காலம்? 1906இல் சென்னையில் அர்பத்னாட் கம்பெனி முறிந்து, ஆயிரக்கணக்கானோர் போட்ட பணம் பறிபோயிருந்தது. வெள்ளைக்காரன் கம்பெனியே கைவிரித்துவிட்டபோது, சிற்றூரில் ஒரு வைத்தியர் தொடங்கும் பாங்கை நம்பி எவன் பணம் போடுவான்? போட்டார்கள். கட்டடத்தையோ பெயர்ப்பலகையையோ பார்த்தல்ல, அந்த மனிதரைப் பார்த்துத்தான் என்பது என் கருத்து. நம் மதுரையில் கருமுத்து தியாகராசர் மதுரை வங்கியைத் தொடங்கியது 1943இல்தான், இதற்கு இருபது ஆண்டு கழித்து. பட்டாபி அத்தோடு நிற்கவில்லை. 1925இல் ஆந்திரா இன்சூரன்ஸ் கம்பெனியையும் ஏற்படுத்தினார்.

அரசியலில் அவரை உலகம் நினைப்பது ஒரு தோல்வியால். 1939 ஜனவரியில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸை எதிர்த்து நின்றார். போஸுக்கு 1,580 வாக்கு, இவருக்கு 1,377. அது தம் தோல்வியே என்று காந்தியடிகள் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். 1948இல் புருஷோத்தம தாஸ் டாண்டனை வென்று ஜெய்ப்பூர்க் காங்கிரஸுக்குத் தலைவரானாரே, அதை யாரும் பேசுவதில்லை. காங்கிரஸின் 50ஆம் ஆண்டு நிறைவுக்காக 1935இல் அதன் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதித் தந்தவரும் இவரே. ஜூபிலி மலருக்குக் கட்டுரை கேட்டால் ஒரு பக்கம் எழுதவே தயங்கும் நம்மவர்கள் கவனிக்க! 1942இல் கைதாகி, நேரு, படேல், ஆசாத் ஆகியோருடன் அகமத்நகர்க் கோட்டையில் ஏறக்குறைய மூன்று ஆண்டு அடைபட்டுக் கிடந்தார்.

அவர் வாழ்வில் கடினமான சோதனை விடுதலைக்குப் பின் வந்தது. தெலுங்கர்க்குத் தனி மாகாணம் வேண்டும் என்று இளமை முதல் வாதாடியவர் அவர். சென்னை நகரும் அதில் சேரவேண்டும் என்பது ஆந்திரர் பலரின் ஆசை. மொழிவாரி மாகாணங்களைப் பற்றி ஆராய நேரு, படேல், பட்டாபி மூவர் குழு அமைந்தது. ஆந்திரம் அமையலாம், ஆனால் சென்னை மீதான உரிமையைக் கைவிட வேண்டும் என்று 1949இல் அக்குழு சொன்ன அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டார். சொந்த மக்களின் மனக்கசப்புக்கு ஆளாகாமல் இதைச் செய்ய முடியாது. சென்னை நம்மிடம் தங்கியதற்கு அந்தக் கையொப்பமும் ஒரு காரணம் என்பதைத் தமிழர் நாம் மறந்துவிட்டோம். பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பரில் உயிர்நீத்த பின், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது, சென்னை இல்லாமலே.

அப்போது அவர் மத்தியப் பிரதேச ஆளுநர். 1952 முதல் 1957 வரை அப்பதவியில் இருந்தார். 1956இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தலைநகர் நாகபுரியிலிருந்து போபாலுக்கு மாறியதும் அவர் காலத்தில்தான். 1959 டிசம்பர் 17ஆம் நாள் ஐதராபாத்தில் காலமானார்.

அவர் வைத்த வங்கி 1980 ஏப்ரலில் அரசுடைமையாயிற்று. 2020 ஏப்ரல் 1ஆம் நாள் யூனியன் வங்கியோடு இணைந்தபோது அதன் பெயர் மறைந்தது. மசூலிப்பட்டினத்து மக்கள் நம்பிப் போட்ட அந்த ஒரு லட்சமும் இப்போது அந்த வங்கியின் கணக்கில்தான் கலந்திருக்கிறது.