இல்லந்தோறும் இறைவடிவம் தந்த ஓவியர் ராஜா ரவிவர்மா

பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளை எனத் தோட்டத்து லயன்கள் பலவற்றிலும் சாமித் தட்டிலே தாமரை மீது நிற்கும் இலட்சுமியையும் வீணை ஏந்திய சரஸ்வதியையும் காண்கின்றோம். வெள்ளிக்கிழமைதோறும் நாம் விளக்கேற்றி வணங்கும் இத்தகைய அச்சுப் படங்கள் எளியோர் இல்லங்களை அடைய வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் ராஜா ரவிவர்மா ஆவார்.

அன்னார் 1848 ஏப்ரல் 29 ஆம் திகதி கேரளத்தின் கிளிமானூரில் பிறந்தார். சிறு வயதிலேயே கரித்துண்டால் சுவர்களில் படம் வரைந்தார் என்பர். தாய்மாமன் ராஜராஜவர்மாவே முதற்குரு. 14 ஆவது வயதில் திருவனந்தபுரம் சென்று, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவைப் பெற்றார்.

அக்காலத்தில் எண்ணெய் வர்ண ஓவியம் நம்மவருக்குப் புதிய கலை. எண்ணெயில் குழைத்த வர்ணம் மெதுவாகவே உலரும். ஆதலால் ஒளியையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைத்து, முகத்தின் சதைப்பற்றையும் பட்டின் மினுமினுப்பையும் உயிரோட்டமாகக் காட்டலாம். இதனை அறிந்திருந்த அரண்மனை ஓவியர், மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர், இளைஞருக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார். எனினும் அவரது மாணவரான ஆறுமுகம்பிள்ளை, குருவறியாமல் அந்நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தார். 1868 இல் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சனும் கற்பிக்கவில்லை. தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டுமே அனுமதித்தார். பார்த்ததை மனதிற் பதித்து, வரைந்தும் அழித்தும் தாமே பயின்றார் ரவிவர்மா.

1870 இல் கொல்லூர் மூகாம்பிகை சந்நிதியில் 41 நாட்கள் விரதமிருந்த பின்னரே ஓவியத்தைத் தொழிலாக ஏற்றார் எனக் கூறப்படுகின்றது. 1873 இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றார். அவ்வாண்டே வியன்னாவிலும் பரிசு கிடைத்தது. மன்னர்களும் ஆங்கில அதிகாரிகளும் தம் உருவப்படங்களைத் தீட்ட அவரை அழைத்தனர். பரோடா அரண்மனைக்குப் புராணக் காட்சிகள் 14 ஐ வரைந்தளித்தார்.

அரண்மனைச் சுவரோடு அக்கலை நின்றுவிடவில்லை. 1894 இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் அச்சு அமைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துப் படங்கள் உருவாகின. அச்சகம் அவருக்குக் கடனையே தந்தது. பின்னர் அதனை விற்க நேர்ந்தது. எனினும் கோயிலுக்குள் செல்ல அனுமதி மறுக்கப்பட்டிருந்தோரும் தம் குடிசையிலேயே தெய்வத்தைக் கண்குளிரக் கண்டனர். 1906 ஒக்டோபர் 2 ஆம் திகதி கிளிமானூரில் அன்னார் இறைவனடி சேர்ந்தார்.

வித்தையை ஒளித்தவர் இருவர். ஒளிக்காது கொடுத்தவர் ஆறுமுகம்பிள்ளை என்னும் ஒருவர். அந்த ஒருவரின் கொடையில் இன்று நம் சாமித் தட்டுக்கும் பங்குண்டு. நமது கோயில் சுவருக்கு வர்ணம் தீட்டும்போது அருகில் வந்து பார்த்து நிற்கும் தோட்டத்துப் பிள்ளையை விரட்டாதிருப்போம். அப்பிள்ளையின் கையிலும் ஒரு தூரிகையைக் கொடுப்போம். அதுவும் இறைதொண்டேயாகும்.