வெடியுப்பும் வாய்மையும்

செஞ்சிக் கோட்டையின் இராசகிரி உச்சியில் பழைய பீரங்கி ஒன்று இன்றும் காணப்படுகிறது. அத்தகைய பீரங்கிகளின் குண்டுகளைச் செலுத்தியது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த வெடிமருந்து. கரியும் கந்தகமும் நொடியில் எரிவதற்கு வேண்டிய ஆக்சிசனை வெடியுப்பே தருகிறது. இம்மருந்தை முதலில் கண்டறிந்த நாடு எது? இவ்வினாவிற்கு நடுநிலை பிறழாமல் விடை தேடியவர் வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய்.

இன்றைய வங்காளதேசத்திலுள்ள ராருலி என்னும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1887இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி, 1889இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார்.

வெடியுப்பு, நைட்ரேட் வகையைச் சார்ந்தது. அதனினும் ஓர் ஆக்சிசன் அணு குறைந்தவை நைட்ரைட்டுகள். இவற்றின் ஆய்வே ராயின் வாழ்நாள் பணியாயிற்று. 1896இல் மெர்குரஸ் நைட்ரைட்டு பற்றிய தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். சூடேறினால் வெடித்துச் சிதையும் இயல்புடைய அம்மோனியம் நைட்ரைட்டைச் சிதையாமல் ஆவியாக்கிக் காட்டி, அம்முடிவை 1912இல் இலண்டன் அறிஞர்முன் எடுத்துரைத்தார்.

பிரெஞ்சு அறிஞர் பெர்த்தலோ அளித்த ஊக்கத்தால், இந்திய வேதியியலின் வரலாற்றை எழுதும் பணியையும் ராய் மேற்கொண்டார். அதன் முதல் தொகுதி 1902இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, சென்னை மாநிலக் கல்லூரி வடமொழிப் பேராசிரியர் குஸ்தாவ் ஓப்பர்ட், வெடிமருந்தின் தாயகம் பண்டைய இந்தியாவே என 1880இல் நூல் எழுதியிருந்தார். சுக்கிரநீதியில் காணப்படும் வெடிமருந்துச் செய்முறை அவருக்குச் சான்றாயிற்று. அடிமைப்பட்டிருந்த நாட்டிற்கு இம்முடிவு இனித்தது. ராயோ ஒரு வேதியியலாரின் வினாவை எழுப்பினார்: உப்புகளை நுணுகி வகைப்படுத்திய பழைய மருத்துவ நூல்களில் வெடியுப்பு ஏன் தெளிவாக இடம்பெறவில்லை? சுக்கிரநீதியின் அப்பகுதி பிற்காலத்தார் சேர்த்த இடைச்செருகல் என்னும் முடிவிற்கு அவர் வந்தார். வெடிமருந்தை முதலில் அறிந்தவர் சீனர் என்பதே இன்றைய வரலாற்றாசிரியர் கொள்கை.

அதே நூலில், சுசுருதர் கூறிய காரம் ஆக்கும் முறையையும், துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும் பண்டைய முறையையும் ராய் சான்றுகளுடன் நிறுவினார். இல்லாத பெருமையை ஏற்க மறுத்தவர் சொன்னதனால், உள்ள பெருமையை உலகம் நம்பியது.

நாட்டுப்பற்றில் ராய் எவருக்கும் குறைந்தவர் அல்லர். எழுநூறு ரூபாய் முதலீட்டில் தாம் தொடங்கிய மருந்துத் தொழிலை, 1901இல் வங்க வேதியியல் நிறுவனமாக வளர்த்தார். அறுபது வயதிற்குப்பின் தம் ஊதியம் முழுவதையும் கல்கத்தா பல்கலைக்கழக ஆய்வுக்கே ஈந்தார். மணம் புரியாமல், அறிவியல் கல்லூரியின் எளிய அறையொன்றில் வாழ்ந்து, 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர்பால் பயின்ற மாணவர் பலர் நாடெங்கும் அறிவியல் பணியைத் தொடர்ந்தனர்.