சின்னத் தவறுகளைத் திருத்திய பெரிய ஆசிரியர்: ரஹீம் சாஹிப்

இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு முறை தங்கம் வென்றிருக்கிறது. இரண்டு முறையும் அணியைப் பயிற்றுவித்தவர் ஒரே மனிதர். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். எல்லோருக்கும் அவர் ரஹீம் சாஹிப்.

1909-ல் பிறந்த அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். கால்பந்துப் பயிற்சியையும் பாடம் நடத்துவது போலவே நடத்தினார். பெரும்பாலான வீரர்களுக்கு ஒரு கால்தான் நன்றாகப் பழகியிருக்கும். பந்து மறுகாலுக்கு வந்தால் தடுமாறுவார்கள். இதைக் கவனித்தவர், பழகாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடும் பழக்கத்தைப் போக்க, அப்படி ஓடவே கூடாது என்றும் தனிப் போட்டிகள் வைத்தார். ஆட்டத்தில் நேரக்கூடிய தவறைப் பயிற்சியிலேயே களைவதுதான் அவர் வழி. அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

1951-ல் டெல்லியில் ஈரானை 1-0 என வென்று முதல் தங்கம் கிடைத்தது. ஆனால் அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனப் படுதோல்வி. குளிரில் நம் வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அதன்பின் பூட்ஸ் அணிவது கட்டாயமானது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய அணி என்ற பெருமையை இந்தியா பெற்றது.

அவருடைய கூர்மையான கவனிப்புக்குப் பெரிய சோதனை 1962-ல் ஜகார்த்தாவில் வந்தது. அப்போது அவரை நுரையீரல் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. பிறகு தற்காப்பின் தூணாக இருந்த ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் சாஹிப் அவரை ஒதுக்கிவிடவில்லை. ஜர்னைல் முன்பு முன்கள வீரராக ஆடியவர் என்பதை நினைவில் வைத்திருந்து, அரையிறுதியில் அவரை முன்களத்துக்கு மாற்றினார். ஜர்னைல் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதிப் போட்டி. எதிரே மீண்டும் தென் கொரியா. மைதானம் நிறைந்த கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. காய்ச்சலில் இருந்து மீண்ட தமிழரான பீட்டர் தங்கராஜைக் கோல் காக்க நிறுத்தினார் ரஹீம் சாஹிப். பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் கட்டுடன் ஜர்னைல் ஒரு கோல். இந்தியா 2-1 என வென்றது.

அடுத்த ஆண்டு ஜூன் 11-ல், 53 வயதில் அவர் மறைந்தார். அதன்பின் இன்றுவரை ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

தோற்றபோது அவர் யாரையும் பழித்துக்கொண்டிருக்கவில்லை. எங்கே பிசகியது என்று பார்த்தார், அதைச் சரிசெய்தார். பிள்ளைகளை வளர்ப்பவர்களும் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களும் அவரிடம் கற்க வேண்டியது இதுதான்.