யங் என்னும் மருத்துவர்

ஆய்வகத்தில் கம்பியில் எடையேற்றி யங் குணகம் காணும் நம்மில் பலர், தாமஸ் யங் ஒரு மருத்துவர் என்பதை அறியோம்.

1773-இல் இங்கிலாந்தின் மில்வர்ட்டனில் பத்துப் பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். கண்வில்லை வடிவம் மாறியே அருகிலுள்ளதைக் காட்டுகிறது என 1793-இல் எழுதி, மறு ஆண்டே ராயல் கழக உறுப்பினரானார். 1807-இல் மீள்தன்மைக் குணகத்தை விளக்கினார். 1808-இல் தமனிச் சுவரின் மீள்தன்மையைக் கொண்டு நாடித்துடிப்பு பரவும் வேகத்தை ஆராய்ந்தார். 1829-இல் மறைந்தார்.

இன்று மருத்துவர்கள் கல்லீரலுக்குள் மெல்லதிர்வை அனுப்பி அதன் வேகத்தை அளக்கின்றனர். திசு இறுக இறுக வேகம் கூடும். விடை கிலோபாஸ்கலில், யங் குணகமாகவே வருகிறது. பலருக்கு ஊசி குத்திச் சதை எடுக்கும் வேதனை நீங்குகிறது.

கம்பியில் நாம் பழகும் கணக்கு ஓர் உயிரின் நோயையும் உரைக்கும். அதனை எண்ணிக் கருத்தாய் அளப்போம், நண்பர்களே!